சாத்தான்குளத்தில் சாத்தாத கதவு

காலையில் முருங்கைக்காய் மூட்டை இறங்கும் கடைப்பக்கம் நின்றால் இந்தச் சத்தத்தைக் கேட்கலாம். வண்டியிலிருந்து இறங்கியவர் கதவைத் தள்ளுவார். 'டக்' என்று பாதிச் சத்தம். திரும்பிப் பார்ப்பார். கதவு விரல் தடிமனுக்குத் துருத்திக்கொண்டு நிற்கும். இழுத்து, ஓங்கி ஓர் அறை. 'டமார்.' இப்போது சாத்திக்கொண்டது. அவர் பாட்டுக்குக் கடைக்குள் போய்விடுவார்.

அந்த அறை எங்கே போய் இறங்கியது என்று அவருக்குத் தெரியாது. கொஞ்சம் லாக்கின் பிளாஸ்டிக்கில், கொஞ்சம் கீல் பின்னில், கொஞ்சம் கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரின் கிளிப்பில், மீதி டோர் பேடைப் பிடித்திருக்கும் குமிழ்களில். தினம் பத்து அறை வாங்கும் கதவு ஆறு மாதத்தில் லொடலொட என்று ஆடத் தொடங்கும். பிறகு அறைந்தாலும் சாத்தாது.

எங்கள் பக்கத்தில் இந்தக் கோளாறு கூடுதலாக வருவதற்குக் காரணம் உண்டு. ஊரைச் சுற்றிச் செம்மணல் தேரி. ஆனி, ஆடியில் மேல்காற்று எடுத்துவிட்டால் தேரி மண் காற்றோடு எழுந்து கதவு இடுக்கு, கண்ணாடி ரப்பர், சாவித் துவாரம் என்று போகாத இடம் கிடையாது. மணப்பாடு, உவரி, குலசை என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு மணி நேரத்துக்குள் கடல் வந்துவிடும். மண் தேய்க்கும், உப்பு அரிக்கும். இரண்டும் சேர்ந்து உட்காரும் இடம் கதவின் லாக்.

கதவு சாத்தவில்லை என்றதும் எல்லாரும் முதலில் கை வைப்பது தூணில் இருக்கும் ஸ்ட்ரைக்கரில். தொட வேண்டிய வரிசையில் அது கடைசி. லாக், காற்று, ரப்பர், கீல், அதற்கப்புறம்தான் ஸ்ட்ரைக்கர். இந்த வரிசையை மாற்றிச் செய்து கெட்டுப்போன கதவுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்று என்னுடையது.

முதலில் பாகங்களைப் பழகிக்கொள்ளுங்கள். கதவைத் திறந்து நின்றால், வண்டியின் உடம்பில், இரண்டு கதவுக்கும் நடுவே உள்ள தூணில் வளைந்த தடித்த கம்பி ஒன்று இரண்டு போல்ட்டில் இறுகியிருக்கும். அதுதான் ஸ்ட்ரைக்கர். கதவின் விளிம்பில், அதற்கு நேராக, ஒரு வாய் பிளந்திருக்கும். அதுதான் லாக். வாய்க்குள் கவட்டை மாதிரி ஓர் இரும்பு நாக்கு. கதவு மூடும்போது ஸ்ட்ரைக்கர் கம்பி வாய்க்குள் புகுந்து நாக்கைத் தள்ளும். நாக்கு சுழன்று கம்பியைக் கவ்வும். பின்னாலிருந்து ஒரு சின்னப் பல் எழுந்து, நாக்கு திரும்பிப் போகாமல் தடுத்து நிற்கும். நீங்கள் கைப்பிடியை இழுக்கும்போது அந்தப் பல்லைத்தான் விலக்குகிறீர்கள். இந்தப் பிடிப்பு இரண்டு படி. முதல் 'டக்' பாதி லாக், இரண்டாவது 'டக்' முழு லாக்.

முதல் சோதனைக்கு ஒரு திருப்புளி போதும். கதவை நன்றாகத் திறந்து வையுங்கள். திருப்புளி முனையால் நாக்கை, கம்பி எந்தப் பக்கமாகத் தள்ளுமோ அந்தப் பக்கமாகவே மெதுவாகத் தள்ளுங்கள். ஒரு டக் கேட்கும். இன்னும் தள்ளினால் இன்னொரு டக். விட்டால் நாக்கு அப்படியே நிற்க வேண்டும். இப்போது வெளிக் கைப்பிடியை இழுங்கள். நாக்கு வில்லிலிருந்து விட்டதுபோல் 'சட்'டென்று திறக்க வேண்டும். உள் கைப்பிடிக்கும் இதே சோதனை. முடிந்ததும் நாக்கு திறந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும். நாக்கு மூடியிருக்கும்போது கதவை அறைந்தால் லாக்கே போய்விடலாம்.

இந்தக் கடைசி விஷயமே பல வீடுகளில் முழுக் கோளாறாகவும் இருக்கும். பிள்ளைகள் விளையாட்டுக்கு நாக்கை விரலால் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். கதவு கல்லில் மோதியதுபோல் எகிறும். மெக்கானிக் ஷெட் ஒன்றில் ஒருமுறை நான் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரியவர் பின்கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். இறங்கியதும் அவிழ்த்து, நம்பாதவருக்குக் காட்டுவதுபோல் மறுபடியும் ஓர் அறை அறைந்தார்.

"என்ன அண்ணாச்சி, இப்பிடி அடிக்கிய? கதவு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டுக்கொண்டே மெக்கானிக் எழுந்து வந்தான்.

"லாக் போயிட்டுடே தம்பி. புதுசு மாட்டிரு."

அவன் பதில் பேசவில்லை. குனிந்து வாயைப் பார்த்தான். வெளிக் கைப்பிடியை ஒரு இழுப்பு இழுத்தான். 'சட்'. கதவைப் பிடித்து இரண்டு விரலால் தள்ளினான். டக், டக். சாத்திக்கொண்டது.

"எவ்வளவு தரணும்?"

"டீ சொல்லுங்க அண்ணாச்சி."

எல்லாக் கதவும் ஒரு டீயில் முடிவதில்லை. திருப்புளிச் சோதனையில் ஒரே ஒரு டக்தான் கேட்கிறது, அல்லது நாக்கு தயங்கித் தயங்கி நகர்கிறது, அல்லது பிடிக்காமல் திரும்ப வந்துவிடுகிறது என்றால் உள்ளே அழுக்கு. இரண்டு டக்கும் சுத்தமாகக் கேட்டால் லாக்கில் குற்றமில்லை. அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். நாக்கு பிடிக்கவே இல்லையென்றால் வெளிக் கைப்பிடியையும் ஒரு பார்வை பாருங்கள். இழுத்த கைப்பிடி முழுதாகத் திரும்பாமல் அரைகுறையாக நின்றால், பல் தூக்கிய நிலையிலேயே இருக்கும். எத்தனை அறைந்தாலும் பிடிக்காது. தேரிக்காற்றுக் காலத்தில் கைப்பிடியின் கீலில் மண் சேர்ந்து இப்படி ஆவது சாதாரணம்.

அழுக்கு எடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எடுத்ததும் எண்ணெய் ஊற்றக் கூடாது. மண்ணும் எண்ணெயும் சேர்ந்தால் உப்புத்தாள் போலத் தேய்க்கிற பசை தயார். முதலில் உலர்ந்த வேலை. பஞ்சர் கடைக்குப் போய்க் காற்றுக் குழாயை லாக்கின் வாயில் காட்டச் சொல்லுங்கள். செம்மண் புகைபோல வெளியே வரும், கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பழைய டூத் பிரஷ்ஷால் நாக்கின் இரு பக்கமும் தேயுங்கள். மறுபடியும் காற்று. மண் வருவது நின்ற பிறகுதான் ஈர வேலை.

ஈர வேலைக்கு எல்லார் வீட்டிலும் இருக்கும் நீல-மஞ்சள் டப்பா டபிள்யூடி-40 நல்லது. பழைய பிசுக்கைக் கழுவ மட்டும். அதுவே கிரீஸ் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஒரு சின்ன ரசாயனக் கம்பெனி அட்லஸ் ஏவுகணையின் தகட்டில் துரு பிடிக்காமல் இருக்க, ஈரத்தை விரட்டும் திரவம் ஒன்றைத் தேடியது. நாற்பதாவது முயற்சியில் கிடைத்தது. பெயரிலேயே அந்த நாற்பது நிற்கிறது. குலசையில் ராக்கெட் தளம் கட்டுகிற நம் ஊருக்குப் பொருத்தமான டப்பாதான். ஆனால் ஈரத்தை விரட்டுவதும் அழுக்கைக் கரைப்பதும்தான் அதன் தொழில். கரைத்துவிட்டு அதுவும் ஆவியாகிப் போகும். அதையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தால், லாக்கில் கம்பெனி வைத்த கிரீஸும் கழுவிப் போய், இரும்பும் இரும்பும் உரசும்.

அதனால் அடித்து, நாக்கைத் திருப்புளியால் இருபது தடவை மூடித் திறந்து, வழிகிற கறுப்புச் சாற்றைத் துணியில் துடைத்து, ஒரு மணி நேரம் வெயிலில் விடுங்கள். பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸ், ஒரு பட்டாணி அளவு. குச்சியில் எடுத்து நாக்கின் இரு பக்கமும், பல் உரசும் இடத்திலும் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். வெளியே தெரியும்படி கிரீஸ் நின்றால் அடுத்த காற்றில் தேரி வந்து அதில் ஒட்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். முதல் வாரம் வழுக்கும், ஆறு மாதத்தில் பிசினாகும். ஆயில் மாற்றும்போது வடித்த பழைய ஆயிலும் வேண்டாம். புடவையும் வேட்டியும் உரசும் இடம் அது. வீட்டில் யாரிடம் பேச்சு வாங்க வேண்டியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது காற்று. புது வண்டிக்காரர்கள் அடிக்கடி சொல்லும் புகார்: எல்லாக் கதவும் நன்றாகச் சாத்துகிறது, கடைசியாக மூடும் கதவு மட்டும் சாத்துவதில்லை. ஒரு கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டுச் சாத்திப் பாருங்கள். சாத்திக்கொண்டால் கதவில் கோளாறே இல்லை. உள்ளே அடைபட்ட காற்று வெளியேற வழியில்லாமல் கதவைத் தள்ளுகிறது. அந்தக் காற்று போவதற்கென்றே பெரும்பாலான கார்களில் பின்பக்கம், பம்பருக்கு உள்ளே, ரப்பர் மடிப்புகள் வைத்த ஜன்னல் ஒன்று உண்டு. டிக்கியில் சாமான் அடைத்து அதை மூடியிருக்கலாம், மண் பிடித்து மடிப்பு ஒட்டியிருக்கலாம். துடைத்துவிட்டால் போதும்.

ரப்பர் பீடிங்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கழுவும்போது மடங்கிக்கொண்டதா, ஓரிடத்தில் தகட்டை விட்டுக் கழன்று தொங்குகிறதா என்று கையால் தடவிக்கொண்டே ஒரு சுற்றுப் பாருங்கள். புதிதாக மாட்டிய பீடிங் சில வாரம் கதவை எதிர்க்கும்; படிந்துவிடும். ஆனால் மாட்டும்போது அந்த வண்டிக்கு உரியதை மாட்டுங்கள். 'இதுவும் அதுவும் ஒண்ணுதான்' என்று கடைக்காரர் வெட்டிக் கொடுக்கும் தடித்த பீடிங்தான் பாதிப் பேர் கதவு சாத்தாமல் தவிப்பதற்குக் காரணம். ரப்பரில் கிரீஸ், மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் படக் கூடாது, ஊதிப்போகும். சிலிக்கான் ஸ்பிரே ஒரு துணியில் அடித்துத் துடைத்தால் மண்ணும் ஒட்டாது, ரப்பரும் கதவில் ஒட்டாது. பீடிங் எல்லா இடத்திலும் அமுங்குகிறதா என்று பார்க்க, செய்தித்தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். கொஞ்சம் பிடித்துக்கொண்டு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் மழைத்தண்ணீர் வரும், ஓடும்போது காற்று ஊளையிடும்.

இனி கீல். இங்கேதான் பொறுமை வேண்டும்.

கதவை முக்கால்வாசி திறந்து, கைப்பிடிப் பக்கத்து அடி விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கதவைத் தூக்கினதும் வண்டியே கொஞ்சம் அசைந்தால் நல்லது. வண்டி அசையாமல் கதவு மட்டும் 'கொடக்' என்று எழும்பி இறங்கினால் கீலில் ஆட்டம். யாராவது ஒருவரை மேல் கீலிலும் கீழ்க் கீலிலும் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு இன்னொரு தடவை தூக்குங்கள். எது ஆடுகிறது என்று விரலே சொல்லிவிடும். பெரும்பாலும் டிரைவர் கதவுதான் முதலில் விழும். அதிகம் திறப்பது அதுதான். அதோடு, இறங்கும்போது கதவின் மேல் கையை ஊன்றி எழுந்திருக்கும் பழக்கம். இருபது கிலோவுக்கு மேல் உள்ள கதவைத் தாங்குவதே அந்த இரண்டு கீலுக்கும் வேலை; அதற்கு மேல் நம் உடம்பையும் ஏற்றினால் பின்னும் புஷ்ஷும் தேயாமல் என்ன செய்யும்? வீட்டில் ஆச்சியை இறக்கும்போது கதவைப் பிடிக்க விடாமல் உங்கள் கையைக் கொடுங்கள்.

காற்றும் கீலை வளைக்கும். கடற்கரை ஊர்களில் கச்சான் என்று சொல்லும் மேல்காற்று வீசும் நாளில், மணப்பாட்டுக் கோயில் மேட்டில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தால், கதவு கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போகும். ஸ்டாப்பர் தாங்காது. முன் மட்கார்டில் போய்க் கதவு விளிம்பு மோதினால் கீல் வளைந்ததாகவே வைத்துக்கொள்ளலாம். அதனால் காற்றுள்ள இடத்தில் வண்டியின் மூக்கைக் காற்றுக்குக் காட்டி நிறுத்துங்கள். கீல் முன்பக்கம் இருப்பதால் காற்றே கதவைச் சாத்தப் பார்க்கும், பிடுங்காது.

கதவு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளக்க ஏடிஎம் கார்டு போதும். ஒரு கார்டு முக்கால் மில்லிமீட்டர் தடிமன். கதவைச் சாத்திய நிலையில் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே மேலே எத்தனை கார்டு நுழைகிறது, கீழே எத்தனை நுழைகிறது என்று எண்ணுங்கள். எண்ணிக்கை வேறுபட்டால் கதவு சாய்ந்திருக்கிறது. மறுபக்கத்துக் கதவில் இதே அளவு எடுத்து ஒப்பிடுங்கள்; அதுதான் உங்கள் வண்டிக்கு உரிய அளவு.

பின்னும் புஷ்ஷும் தேய்ந்த பழைய அம்பாசடர், மாருதி 800 வகையறாவுக்குப் பின் தட்டி எடுத்துப் புதிது போடுவது டிங்கரிங் ஷெட்டில் அரை நாள் வேலை. இரண்டு வண்டியும் 2014இலேயே உற்பத்தி நின்றவை. ஆனாலும் புஷ் தேடினால் கிடைக்கும், இல்லாவிட்டால் லேத்தில் கடைந்து தருவார்கள். கீல் போல்ட்டில் நிற்கும் வண்டியாக இருந்து, பின் தேயாமல் போல்ட் மட்டும் நகர்ந்திருந்தால் வீட்டிலேயே தூக்கலாம். ஆனால் தனியாக வேண்டாம். கீலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கதவுக்கடியில் ஜாக்கி, அதன்மேல் பலகை, பலகைமேல் பழைய சாக்கு. கதவின் எடையை ஜாக்கி தாங்கும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். போல்ட்டுகளைக் கழற்றாமல் அரைச் சுற்றுத் தளர்த்தி, ஜாக்கியை ஒரு பொடி ஏற்றி, இறுக்கி, ஜாக்கியை எடுத்துவிட்டுச் சாத்திப் பாருங்கள். ஒரே மூச்சில் சரியாக வந்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று, நான்கு தடவை ஆகும். கீல் வெல்டிங்கில் நிற்கும் வண்டி என்றால் கை வைக்க வேண்டாம்.

சில ஷெட்டில் கீல் பக்கம் ஒரு கட்டையைக் கொடுத்துக் கதவை அமுக்கி வளைப்பார்கள். பழைய தடித்த தகட்டில் அது பலித்தது. இன்றைய மெல்லிய தகட்டில் கீல் வளைவதற்கு முன் தூண் தகடு நசுங்கும். என் கண்முன் கட்டையை எடுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

லாக்கும் சுத்தம், காற்றும் இல்லை, ரப்பரும் சரி, கீலும் ஆடவில்லை. அப்படியும் கதவு சாத்தவில்லை என்றால் இப்போது ஸ்ட்ரைக்கரைத் தொடலாம். என் பழைய வண்டியில் நான் செய்தது இதற்கு நேர்மாறு. கீல் இறங்கிக் கதவு தொங்கியதைக் கவனிக்காமல் ஸ்ட்ரைக்கரை இறக்கி வைத்தேன். கதவு சாத்தியது. மாதம் இரண்டு ஆனது; கீல் இன்னும் இறங்கியது; ஸ்ட்ரைக்கரையும் இறக்கினேன். அது போல்ட் ஓட்டையின் கடைசிக்கு வந்த நாளில் கதவின் அடி விளிம்பு படியில் உரசிப் பெயிண்ட் போய், அங்கே உப்பு ஏறி, துருவில் தகடு இரண்டாகப் பிரிந்திருந்தது. பின் மாற்றியிருந்தால் முடிந்திருக்கும் வேலை, தகடு வெட்டி ஒட்டும் வேலையாகிவிட்டது.

கம்பி நாக்கின் நடுவில் போகிறதா என்று தெரிந்துகொள்ள, வீட்டில் கண்மை டப்பா இருக்கும். கொஞ்சம் எடுத்து ஸ்ட்ரைக்கர் கம்பியின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் மெல்லிசாகப் பூசுங்கள். கதவை மெதுவாகச் சாத்தித் திறந்து, லாக்கின் வாயில் மை எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். மேல் உதட்டில் மட்டும் மை என்றால் கம்பி உயரத்தில் இருக்கிறது. கீழ் உதட்டில் என்றால் தாழ்வில். இன்னொரு அடையாளம்: கடைசி அங்குலத்தில் கதவின் பின்விளிம்பைப் பாருங்கள். சாத்தும்போது அது மேலே எழும்பினாலோ கீழே அமுங்கினாலோ அதே செய்தி.

ஸ்ட்ரைக்கரைச் சுற்றியும் பென்சில் கோடு போடுங்கள். திரும்பி வர வழி அதுதான். போல்ட் நட்சத்திரத் தலையாக இருந்தால் அதற்குரிய ஸ்டார் பிட் வேண்டும். பெரும்பாலும் டி-40 பொருந்தும். பழைய வண்டிகளில் கூட்டல் குறித் தலை இருக்கும். அதைச் சாதாரணத் திருப்புளியால் திருகினால் தலை வழுவழுவென்று ஆகிவிடும். பிட்டை வைத்துச் சுத்தியலால் தட்டினால் திரும்புகிற இம்பாக்ட் டிரைவரை ஷெட்டில் இரவல் கேளுங்கள். முழுக்கக் கழற்றாதீர்கள். சில வண்டிகளில் பின்னால் உள்ள நட்டுத்தகடு தூணுக்குள் விழுந்துவிடும். அப்புறம் கம்பியில் காந்தம் கட்டி மீன் பிடிக்கிற கதைதான். மரச்சுத்தியால் தட்டினால் நகரும் அளவுக்குத் தளர்த்தினால் போதும். ஒரு தட்டு, ஒரு மில்லிமீட்டர். இறுக்கிச் சாத்திப் பாருங்கள். கதவு கடினமாகச் சாத்தினால் வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். சாத்திய பிறகு கதவு கையில் ஆடினாலோ, ஓடும்போது காற்று ஊளையிட்டாலோ உள்பக்கமாக. சரியாக வந்ததும் முழு இறுக்கம். கடைசியில் இரண்டு டக் கேட்கிறதா என்று காது கொடுங்கள். பக்கத்துக் கதவின் தகட்டோடு இந்தக் கதவின் தகடு ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று உள்ளங்கையால் தடவுங்கள். கண்ணைவிடக் கை சரியாகச் சொல்லும்.

ஆம்னி வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1984இல் மாருதி வேனாக வந்து, பின்னால் பெயர் மாறி, 2019இல் நின்றுபோன அந்த வண்டி பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கருப்பட்டிப் பெட்டிகளையும் சுமந்து எங்கள் ஊர்களில் இன்னும் ஓடுகிறது. தள்ளுகதவு என்பதால் கீல் கிடையாது. மேலே, நடுவே, கீழே என்று உருளைகள் தண்டவாளத்தில் ஓடுகின்றன. கதவு பாதியில் நின்றால் முதலில் நடுத் தண்டவாளத்தைப் பாருங்கள். வெளியே பின்பக்கத் தகட்டில் திறந்து கிடக்கும் அதில்தான் தேரி மண் அடையும். பெயிண்ட் பிரஷ்ஷால் உலர்வாகக் கூட்டி எடுங்கள். படிக்கட்டுக்கு அடியில் ஓடும் கீழ் உருளையைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றாமல் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். தண்டவாளத்தில் கிரீஸ் அப்பாதீர்கள். உருளையின் அச்சில் இரண்டு சொட்டு இன்ஜின் ஆயில், அவ்வளவுதான். ஈகோ வண்டிக்கும் இதே வைத்தியம்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் நின்ற வண்டிகளின் கதவு வேறு ரகம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்த வெள்ளம் அது. கதவுக்குள் புகுந்த தண்ணீர் வடிந்துவிட்டாலும் வண்டல் உள்ளே தங்கியது. கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிய இரண்டு, மூன்று சின்னத் துவாரங்கள் இருக்கும். அவை அடைபட்டால் ஒவ்வொரு மழைக்கும் கதவு தொட்டியாகும். கதவை ஆட்டிப் பாருங்கள். உள்ளே 'களக் களக்' என்று கேட்டால் துவாரத்தை ஈர்க்குச்சியால் குத்தித் திறங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், பெயிண்டைக் கீறும். வெள்ளத்தில் நின்ற வண்டி வாங்கியிருந்தால் டோர் பேடை ஒருமுறை கழற்றி, நல்ல தண்ணீரில் உள்ளே அலசி, காயவைத்து, லாக்குக்கு முன்சொன்ன வைத்தியம் முழுவதையும் செய்யுங்கள். சென்ட்ரல் லாக் மோட்டார் துருப்பிடித்துப் பாதியில் நின்று கதவைச் சாத்த விடாமலும் செய்யும். அதன் இணைப்பை எடுத்துவிட்டுச் சாத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால் கதவுக்குள் அதற்கான சென்சாரும் இருக்கலாம். பேடைக் கழற்றும் முன் பேட்டரி ஒயரை எடுத்துவிடுங்கள், தெரியாத ஒயரைப் பிடுங்காதீர்கள்.

பாதி லாக்கில் வண்டி ஓட்டுவதைப் பற்றி. 'ஊருக்குள்ளதான, பிடிச்சிட்டு உக்காந்துக்கிடுவோம்' என்பார்கள். நாடுகள் சேர்ந்து 1998 ஒப்பந்தத்தின் கீழ் வாகனங்களுக்குப் பொதுவான தொழில்நுட்ப விதிகளை எழுதத் தொடங்கியபோது, 2004இல் முதல் எண் கொடுத்து எழுதிய விதியே கதவுப் பூட்டைப் பற்றியது. அதன்படி முழு லாக்கில் இருக்கும் கதவு 11,000 நியூட்டன் இழுப்பைத் தாங்க வேண்டும். ஏறத்தாழ 1,100 கிலோ தொங்குவதற்குச் சமம். பாதி லாக்குக்கு 4,500 நியூட்டன் போதும். பாதிக்கும் குறைவு. முதல் டக் கதவு திடீரென்று பறக்காமல் இருக்க வைத்த காவல். வண்டி ஓட்டுவதற்கு வைத்ததல்ல. டேஷ்போர்டில் கதவு விளக்கு எரிந்தால் நிறுத்துங்கள். ராத்திரி அப்படியே விட்டாலும் உள் விளக்கு எரிந்து காலையில் பேட்டரி செத்துக் கிடக்கலாம்.

நடுவழியில், திருச்செந்தூர் போகிற வழியில் லாக் பிடிக்கவே மாட்டேன் என்றால்: அந்தக் கதவோரம் யாரும் உட்கார வேண்டாம், பிள்ளைகளை எதிர்ப் பக்கம் மாற்றி பெல்ட் போடுங்கள். உள்பக்கம் கதவைச் சாத்த இழுக்கும் பிடியில் கயிறு கட்டி, அதை எதிர்க் கதவின் மேலுள்ள தொங்குபிடியில் இறுக்குங்கள். திறக்கிற கைப்பிடியில் கட்டினால் நீங்களே லாக்கை இழுத்துப் பிடித்த மாதிரி ஆகும். இருபது, முப்பது வேகத்தில் ஓரமாக அடுத்த ஷெட்வரை போகலாம். அதற்கு மேல் அந்தக் கயிற்றை நம்பக் கூடாது.

விபத்தில் அடிபட்ட பிறகு சாத்தாமல் போன கதவை நீங்களோ நானோ தொடக் கூடாது. அங்கே வளைந்தது கதவாக இல்லாமல் தூணாக இருக்கலாம். அதை இழுத்து அளவுக்குக் கொண்டுவர மேடையும் சங்கிலியும் உள்ள ஷெட் வேண்டும்.

ஷெட்டுக்குப் போகும்போது 'கதவு சாத்தல, பாருங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். லாக்கைச் சுத்தம் செய்தாயிற்று, கண்ணாடியை இறக்கிப் பார்த்தாயிற்று, மேல் கீல் ஆடுகிறது, மேலே மூன்று கார்டு, கீழே ஆறு கார்டு என்று சொல்லுங்கள். ஸ்ட்ரைக்கரைச் சுற்றிப் போட்ட பென்சில் கோட்டையும் காட்டுங்கள். சாயந்திரம் வண்டியை எடுக்கப் போகும்போது முதலில் அந்தக் கோட்டைத்தான் பார்க்க வேண்டும். கீலுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஸ்ட்ரைக்கரை மட்டும் தள்ளி வைத்திருந்தால், கம்பி கோட்டை விட்டு விலகி நிற்கும்.